கருவில் மது பாதித்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலையில் இருக்கிறேன். தாயின் வயிற்றில் இருக்கும்போதே மதுவின் பாதிப்புக்கு ஆளான பிள்ளைகளைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெற்றோர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அப்பாயி, அம்மாயிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

கர்ப்பிணி குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது?

தாயின் ரத்தத்தில் கலந்த மது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போய்விடும். கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு பிள்ளையின் ரத்தத்திலும் இருக்கும். தாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பிள்ளையின் கல்லீரலுக்கு இன்னும் அந்தத் திறன் வரவில்லை. பனிக்குட நீரிலும் மது தேங்கிவிடுவதால் பிள்ளை அதில் கூடுதல் நேரம் கிடக்கிறது.

மூளை கர்ப்பம் தொடங்கிய சில வாரங்களிலிருந்து பிரசவம் வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. அதனால் எந்த மாதத்திலும் அது பாதிக்கப்படலாம். திட்டமிடவும் பொறுமை காக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி, நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ், உடலைச் சமநிலையில் வைக்கும் சிறுமூளை, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் ஆகிய பகுதிகளில்தான் பாதிப்பு அதிகம் தெரிகிறது. இந்தப் பாதிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர், சுருக்கமாக எஃப்ஏஎஸ்டி.

1968இல் பிரான்ஸின் நான்த் நகரத்து மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இதன் மிகக் கடுமையான வடிவத்துக்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவ உலகம் இதை அறிந்து அரை நூற்றாண்டு ஆகிறது.

எவ்வளவு குடித்தால் ஆபத்து?

இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. பீர், ஒயின், பிராந்தி, கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பொருள்தான். ஒரே நேரத்தில் நிறையக் குடிப்பது மூளைக்கு ரொம்பக் கெடுதல், ஏனென்றால் ரத்தத்தில் மதுவின் அளவு சட்டென்று உச்சத்துக்கு ஏறிவிடும். அதே சமயம், ஒரே அளவு குடித்த இரண்டு தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பாதிப்பு வருவதில்லை. தாயின் சத்துநிலை, வயது, மரபணு எல்லாம் இதில் சேர்கின்றன. அரைவயிற்றுச் சோறும் ரத்தசோகையுமாக நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஆபத்து கூடுதல்.

கர்ப்பம் என்று தெரியாமலே குடித்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இன்றைக்கே நிறுத்துங்கள். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ, எப்போது நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லது, ஏனென்றால் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறந்த பிறகு பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிக்கும்போது அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய பெண் யாருக்கும் தெரியாமல் தானே திடீரென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வலிப்பு வரலாம், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருத்துவமனையில் வைத்து, மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் ஊர்ப் பெண்கள் எங்கே குடிக்கிறார்கள்? இது வெளிநாட்டுப் பிரச்சினை இல்லையா?

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 19 சதவீதத்தினர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.3 சதவீதத்தினர். வீட்டு வாசலில் நின்று கேட்பவரிடம் எத்தனை பெண்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நாளெல்லாம் சேற்றில் குனிந்து நட்டு, களை பறித்து, இடுப்பு வலி தாங்காமல் ராத்திரி கொஞ்சம் குடித்துவிட்டுப் படுக்கும் பெண்களை இந்த வேலையில் சந்தித்திருக்கிறேன். நகரத்தில் வேறு காரணங்களோடு குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் குறைவு என்பதற்காக யாருமே கேட்பதில்லை, அதனால் அந்தப் பிள்ளை 'மக்கு' என்ற பெயரோடு எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்துவிடுகிறது. உலக அளவில் 1000 பிள்ளைகளில் சுமார் 8 பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம் என்பது 2017இல் வெளியான மதிப்பீடு.

பிரசவமானதும் அரிஷ்டம் கொடுக்கிறோம், சளிக்குப் பிராந்தி கொடுக்கிறோம். அதுவும் இதில் சேருமா?

தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் நொதித்து உருவான மது இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சித்த, ஆயுர்வேத மருத்துவரைக் கேட்காமல் எந்த அரிஷ்டத்தையும் குடிக்க வேண்டாம். சில இருமல் டானிக்குகளிலும் மது உண்டு, லேபிளைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தாய் குடித்தால் தாய்ப்பாலில் வரும். அப்புறம், கைக்குழந்தைக்குச் சளி என்று பிராந்தி தொட்டு வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். கருவில் வரும் பாதிப்பு வேறு, இது வேறு. ஆனால் சின்ன உடம்புக்குச் சில சொட்டுகளே சர்க்கரை அளவை ஆபத்தான நிலைக்கு இறக்கிவிடலாம்.

அப்பா குடித்தால் பிள்ளைக்கு இது வருமா?

எஃப்ஏஎஸ்டி என்பது கருவில் இருக்கும்போது மது பட்டதால் வருவது. கரு உருவாவதற்கு முன் தந்தை குடிப்பதும் விந்தணு வழியாகப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும் என்று எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் தந்தைக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணவன் குடிக்கும் வீட்டில்தான் பெண்ணுக்கும் குடி அறிமுகமாகிறது. கூலிப் பணம் டாஸ்மாக்குக்குப் போனால் கர்ப்பிணியின் தட்டில் முட்டையும் கீரையும் இருக்காது. அடி உதையில் வாழும் தாயின் மன அழுத்தமும் பிள்ளையைத் தாக்கும். மனைவி உண்டாகியிருக்கும்போது கணவனும் சேர்ந்து நிறுத்துவதைப் போல உதவி வேறில்லை. கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்கள் அந்த வீட்டு ஆணையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான்? அப்புறம் எப்படி?

இமைப்பிளவு, அதாவது கண் திறக்கும் நீளம், சிறிதாக இருப்பது, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கியிருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது ஆகிய மூன்றும் முகத்தில் தெரியும் அடையாளங்கள். இவை கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் மது பட்டால் வருபவை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எதுவும் தெரியாது. முகம் தெளிவாக இருக்கும் பிள்ளைக்குத்தான் சிரமம் அதிகம், ஏனென்றால் அதன் தடுமாற்றத்தை யாரும் நம்புவதில்லை.

இந்தப் பிள்ளைகள் எதில் தடுமாறுகிறார்கள்?

முதலில் கணக்கு. எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகூடக் கணக்கில் அப்படியே நின்றுவிடும். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும், ஆனால் 38 பெரியதா 83 பெரியதா என்றால் விழிக்கும். அளவு என்ற உணர்வே மங்கலாக இருப்பதுதான் காரணம். காசும் நேரமும் இதே வகைதான். ஐம்பது ரூபாயோடு கடைக்கு அனுப்பினால் மீதி வாங்காமல் வரும். 'அடுத்த வெள்ளிக்கிழமை தேர்' என்றால் அது நாளைக்கா, போன வாரமா என்று புரியாது.

அடுத்து, கேட்டதை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்வது. 'ஆட்டைக் கட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா' என்று சொன்னால் அவன் காதில் நிற்பது 'சாப்பிட வா' மட்டும்தான். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாவதைப் போல, நாம் சொன்னது அவனிடம் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம், முதல் கேள்வி வழியிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது, ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது. டெல்டாவில் இது உயிர் போகிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோடையெல்லாம் காய்ந்து கிடந்த வாய்க்காலில் பிள்ளை இறங்கி விளையாடியிருக்கும். ஜூன் மாதம் குறுவைக்குத் தண்ணீர் வந்தால் அதே வாய்க்கால் நிரம்பி ஓடும். மற்றப் பிள்ளைகள் பார்த்ததும் ஒதுங்கிக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைக்கோ 'இது நான் விளையாடும் இடம்' என்பதுதான் பதிந்திருக்கும். 'தண்ணீர் கிட்டே போகாதே' என்று வீட்டில் உட்கார்ந்து நூறு முறை சொன்னாலும் பயனில்லை. தண்ணீர் வந்த அன்றைக்கே அந்தக் கரைக்குக் கூட்டிப்போய், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று காட்ட வேண்டும். குளத்துக்குத் தனியாக, ஆற்றுப் படித்துறைக்குத் தனியாக, பக்கத்து ஊர் வாய்க்காலுக்குத் தனியாகக் காட்ட வேண்டும். அப்படியும் ஒரு பெரியவர் கண்ணில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

இவற்றோடு, கவனம் சிதறுவது, நினைத்த உடனே செய்துவிடுவது, சின்னச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காமல் போவது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்து வரும். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி அலறும் நாட்களில் காரணமே இல்லாமல் அழுது புரள்வதாகச் சொல்வார்கள். காரணம் அந்தச் சத்தம்தான்.

நேற்றுச் சரியாகச் சொன்னான், இன்றைக்குத் தெரியாது என்கிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சந்தேகமே இல்லாமல் பதில் சொல்வேன். ஒரு நாள் வருவதும் மறுநாள் போவதும் இந்தப் பாதிப்பின் அடையாளங்களில் ஒன்று. படித்தது நினைவில் பதிவதிலும், தேவைப்படும்போது அதை எடுப்பதிலும் தடங்கல் இருக்கிறது. தூக்கம் கெட்டிருந்தால், பசித்திருந்தால், வகுப்பு இரைச்சலாக இருந்தால் இன்னும் மோசமாகும். அந்த நேரத்தில் 'நேற்றுத் தெரிந்தது இன்றைக்கு எப்படித் தெரியாமல் போகும்?' என்று கேட்டால் பிள்ளை ஏதாவது ஒரு பதிலைக் கட்டிச் சொல்லும். அதைப் பொய் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நினைவில் விழுந்த ஓட்டையைக் கிடைத்ததை வைத்து அது அடைக்கிறது, அவ்வளவுதான்.

நாலு போட்டால் திருந்துவான் என்கிறார் அவன் தாத்தா. சரியா?

இந்தச் செயலுக்கு இந்த விளைவு என்று தொடர்புபடுத்திப் பார்க்கும் திறனே இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு. அடி வாங்கியது நினைவிருக்கும், எதற்கு வாங்கினோம் என்பது இருக்காது. பயமும் படபடப்பும் கூடி, கொஞ்சநஞ்சம் கற்ற பாடமும் தங்காமல் போகும். ஒரே தவறைப் பத்தாவது முறை செய்தால், தண்டனை போதவில்லை என்று எண்ண வேண்டாம். நாம் சொல்லித் தரும் முறையை மாற்ற வேண்டும்.

ஐ.க்யூ சோதனையில் 'பரவாயில்லை' என்றார்களே?

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐ.க்யூ, அதாவது நுண்ணறிவு எண், அறிவுசார் குறைபாட்டுக்கு எல்லையாக வைக்கும் 70க்கு மேல்தான் இருக்கும். அமைதியான அறையில், ஒருவர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்போது வரும் எண் அது. பேருந்தில் தனியாகப் போய் வருவதும், கோபத்தை அடக்குவதும், ஏமாற்றுகிறவனை அடையாளம் காண்பதும் அந்த எண்ணில் தெரியாது. நன்றாகப் பேசுகிற பிள்ளைகளாக இருப்பதால் எல்லாம் புரிந்துகொள்கிறார்கள் என்று நாமும் ஏமாந்துவிடுவோம். 15 வயதுப் பையன் பழக்கவழக்கத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைப் போல இருக்கலாம். அதனால் அன்றாடத் திறன்களையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

ஏடிஎச்டி, ஆட்டிசம் என்கிறார்களே, எது சரி?

கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பது ஏடிஎச்டி, பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் தடுமாறுவது ஆட்டிசம். மேலோட்டமாகப் பார்த்தால் இவையும் எஃப்ஏஎஸ்டியும் ஒன்றுபோலவே இருக்கும். எஃப்ஏஎஸ்டி உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஏடிஎச்டியும் சேர்ந்தே இருக்கிறது. கர்ப்ப கால விவரம் இல்லாவிட்டால் மருத்துவரால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

வகுப்பில் ஆசிரியர் என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணும் நேரமாவது காத்திருங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் புரியாமலே தலையாட்டும். 'என்ன செய்யப் போகிறாய், காட்டு' என்று கேளுங்கள்.

கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் காதால் கேட்பதைவிட நன்றாகப் பதியும். கூட்டலுக்குப் புளியங்கொட்டை, காசுக்கு நிஜ நாணயம், நாளின் வரிசைக்கு படம். காலையில் பிரேயர், தமிழ், இடைவேளை, கணக்கு, சத்துணவு என்று படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைப் பிள்ளையே எடுத்து வைக்கட்டும். ஒரே பாடத்தை ஒரே சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குத் தயங்காதீர்கள். விதவிதமாக விளக்குவது மற்றப் பிள்ளைகளுக்கு நல்லது, இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு புதுப் பாடமாகிவிடும்.

உட்காரும் இடம் முக்கியம். சன்னலோரமும் கதவோரமும் வேண்டாம். எரிச்சலாகும்போது போய் உட்கார ஒரு மூலை இருக்கட்டும், அது தண்டனை இடமாக மாறிவிடக் கூடாது. தண்ணீர் எடுத்துவரச் சொல்வது, கரும்பலகை துடைக்கச் சொல்வது போன்ற சின்ன வேலைகள் உடம்பை அசைத்து மனத்தை நிதானத்துக்குக் கொண்டுவரும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை வரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி முடியும் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஒரு வேலை, காத்திருப்பு, படம், இந்த மூன்றை மட்டும் தொடங்கிப் பாருங்கள். அது வகுப்பில் இன்னும் நாலைந்து பேருக்கும் உதவும்.

வீட்டில்?

தினமும் ஒரே நேரத்தில் எழுவது, சாப்பிடுவது, படுப்பது. ஒரு பொருளுக்கு ஒரே இடம். திருவிழா, கல்யாணம், ஊருக்குப் போவது என்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பது. இந்தப் பிள்ளைகள் கையால் செய்யும் வேலையில், ஆடு மாடு கோழியோடு, சின்னக் குழந்தைகளோடு ரொம்பப் பிரியமாக இருப்பார்கள். அந்தத் திறமையை எல்லோர் எதிரிலும் பாராட்டுங்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன தாய் தந்தைக்குப் பதிலாக அப்பாயி வளர்க்கும் வீடுகளில், யாரிடம் பிள்ளை இருந்தாலும் விதிமுறை ஒன்றாக இருக்க வேண்டும்.

மருந்து உண்டா?

மூளையில் ஏற்பட்ட பாதிப்பை நீக்கும் மருந்து இல்லை. கவனக் குறைவுக்கு, தூக்கத்துக்கு மருத்துவர் மருந்து தரலாம். கோலின் என்ற சத்தைச் சின்ன வயதில் கொடுத்தால் நினைவாற்றல் மேம்படுமா என்று அமெரிக்காவில் ஆராய்ந்து வருகிறார்கள். முட்டையில் அந்தச் சத்து உண்டு, ஆனால் முட்டை மருந்தாகாது. தாயத்து, மந்திரம், 'மூளை வளர்ச்சி' பாட்டில்களில் காசைக் கரைக்க வேண்டாம்.

எங்கே காட்டுவது? சான்றிதழ் கிடைக்குமா?

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. அவர்களிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, உளவியல் மதிப்பீடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எஃப்ஏஎஸ்டி தனியாக இல்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகைகளில் பிள்ளை வருமானால் சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையும் வாங்கலாம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு அது தேவைப்படும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தாயிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்டால் அவமானமாக நினைக்க மாட்டாரா?

இதைச் செவிலியர்களும் ஆசிரியர்களும் கட்டாயம் படிக்க வேண்டும். 'நீ குடித்தாயா?' என்று மாமியாருக்கு முன்னால் கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். அதோடு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் போயிற்று. தனியாக, உட்கார வைத்து, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியாகக் கேளுங்கள். 'கர்ப்பம் தெரியவருமுன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை எடுத்தீர்கள், வலிக்கோ தூக்கத்துக்கோ ஏதாவது குடிப்பதுண்டா அக்கா?' என்று வரிசையில் ஒன்றாக வரட்டும். பதில் என்னவாக இருந்தாலும் முகம் மாறக் கூடாது. அவர் சொன்னதை ஊருக்குள் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

எந்தத் தாயும் பிள்ளைக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று குடித்ததில்லை. வலி, அடி, பழக்கம், அறியாமை, இதில் ஏதோ ஒன்று இருக்கும். 'உன்னால்தான் இப்படி' என்று ஒரு வார்த்தை போதும், அவர் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுவருவதையே நிறுத்திவிடுவார்.

வளர்ந்த பிறகு என்ன ஆவான்?

சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற உளவியலாளர் இந்தப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார். படிப்பை விடுவது, சட்டச் சிக்கல், மனநலப் பிரச்சினை, போதைப் பழக்கம் எல்லாம் பலருக்கு வந்தன. அவற்றிலிருந்து காத்தவை என்று 1996இல் அவர் குறிப்பிட்டவற்றில் முக்கியமானவை, ஆறு வயதுக்குள் பாதிப்பைக் கண்டுபிடித்ததும், அடிதடி இல்லாத, நிலையான, அன்பான வீட்டில் வளர்ந்ததும்.

பதின்ம வயதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். யார் எதைச் சொன்னாலும் நம்பிச் செய்துவிடுவார்கள். சரக்கு வாங்கிவர, திருட்டுப் பொருளைத் தூக்கிவர இவர்களைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு எந்தத் தொடுதல் தவறு, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் படம் காட்டி, நடித்துக் காட்டி, பல முறை சொல்லித் தர வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும்தான். ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் கூப்பிடுங்கள். காவல் நிலையத்தில் விசாரித்தால் செய்யாததையும் 'ஆமாம்' என்று ஒப்புக்கொள்வார்கள், அதனால் மருத்துவ அறிக்கையின் நகலை வீட்டில் பத்திரமாக வைத்து, பிள்ளையை எங்கே அழைத்தாலும் ஒரு பெரியவர் அதை எடுத்துக்கொண்டு கூடப் போக வேண்டும். வேலை என்று பார்த்தால், தினமும் ஒரே இடம், ஒரே வேலை, சொல்லித் தரப் பொறுமையுள்ள ஒரு முதலாளி இருந்தால் நிலைத்து நிற்பார்கள். நாற்றங்கால், மாட்டுப் பண்ணை, பாய் நெசவு, பேக்கரி என்று வாய்ப்புகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 14, 15 வயதிலேயே பழக்கத் தொடங்குங்கள், சம்பளத்தை எண்ணி வாங்கவும் ஒருவர் கூட இருக்கட்டும்.